கோணல் கேரட்

“வெள்ளத்தன்னைக்குப் பொறந்தவட்டி நான். எனக்கே மூஞ்சி இப்படிச் சுருங்கிப்போச்சு. ஒனக்கு மட்டும் எப்படிட்டி எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கு? செத்துப்போன முத்துப்பேச்சிக்கு நீ மகளா, தங்கச்சி மகளா? அதைச் சொல்லிட்டுத் தண்ணி பிடி.”

“தண்ணி பிடிக்க வயசுச் சர்ட்டிபிகேட் வேணும்னு இந்தக் குழாயில எழுதியா போட்டிருக்கு? தள்ளுட்டி.”

முதல் குரல் ஏழாம் நம்பர் வீட்டு மாரித்தாயுடையது. இரண்டாவது நாலாம் நம்பர் முத்துப்பேச்சியுடையது. இடம், தேவிகுளத்துப் பக்கம் கிளிப்பாறை எஸ்டேட், கீழ் டிவிஷனில் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக் குழாயடி. 1973 ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டுப் பெண்கள் திரும்பிய நேரம். நான் மூன்றாம் நம்பர். குடம் நிறைந்து கால் மணி நேரமாகியும் நான் அங்கேயே நின்றதற்கு இடுப்புப் பிடிப்புதான் காரணம். வேறு மாதிரி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சண்டைக்குக் காரணம் முத்துப்பேச்சியின் முகம். எஸ்டேட் வேலைக் கார்டுப்படி அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. முகத்தைப் பார்த்தால், தாராளமாகக் கூட்டிச் சொன்னாலும், முப்பத்தைந்துதான் வரும். பனியிலும் வெயிலிலும் மலைச்சரிவில் நின்று கொழுந்து கிள்ளுகிற எங்களுக்கெல்லாம் நாற்பதிலேயே கன்னம் பழைய சாக்கு மாதிரி ஆகிவிடும். உச்சி வெயில் தேயிலைமேல் பட்டு அடியிலிருந்தும் முகத்தில் அடிக்கும். அவள் முகத்தில் மட்டும் ஒன்றும் எழுதப்படாமல் இருந்தது.

போன வாரம் பெரிய கிளார்க் செல்லத்துரைக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது. உண்மையான முத்துப்பேச்சி போன வருஷம் கோயில் கொடைக்கு ஊருக்குப் போன இடத்தில் இறந்துவிட்டாளாம். அவள் கார்டைத் தூக்கிக்கொண்டு இளசு ஒன்று வந்து வேலை பார்க்கிறதாம். எஸ்டேட்டில் இப்படி ஆள் மாறுவது நடக்காத காரியமும் இல்லை. முத்துப்பேச்சி முன்பு இருந்தது மேல் டிவிஷன். அதைப் போன வருஷம் மூடியபோது பாதிப் பேர் ஊருக்கே போய்விட்டார்கள், மீதிப் பேர் வேறு எஸ்டேட்டுகளுக்குச் சிதறினார்கள். எங்கள் லயத்துக்கு வந்தவள் இவள் ஒருத்திதான். அவளைப் பழைய நாளிலிருந்து தெரிந்தவர் இங்கே யாரும் இல்லை. புருஷன் இறந்து வெகுகாலம், பிள்ளையும் கிடையாது.

காலையில் பேர் கூப்பிட்டு ஆள் பிரிக்கிற மஸ்டரில் செல்லத்துரை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை காலைக்குள் அவள்தான் முத்துப்பேச்சி என்று நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் பேர் வெட்டு, வீடு காலி.

கடுதாசியை யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. அதாவது எல்லாருக்கும் தெரியும். மாரித்தாயின் மகனுக்கு ஆவணியில் கல்யாணமாகிவிட்டது, தனி வீடு இல்லை. மாரித்தாய்க்குக் கார்டுப்படி இந்தக் கார்த்திகையோடு ஐம்பத்தெட்டு முடிகிறது. ஐம்பத்தெட்டு முடிந்தால் பேரை எடுத்துவிடுவார்கள். பேர் போனால் ஏழாம் நம்பர் வீடும் போகும். அதற்குள் லயத்தில் ஏதாவது வீடு காலியானால் மகனுக்குப் பார்க்கலாம் என்று செல்லத்துரை எப்போதோ ஒரு வார்த்தை சொல்லிவைத்திருந்தார். லயத்தில் காலியாகக்கூடிய வீடு எது என்று மாரித்தாய் உட்கார்ந்து யோசித்திருப்பாள்.

“அம்மணி ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்தினா, நாங்க முகம் கழுவிக்குவமுங்க.”

குழாயடிக்கு வந்து நின்றவர் தேவிகுளம் பஜாரில் பேக்கரி மாடியில் ‘துப்பறியும் நிலையம்’ என்று போர்டு மாட்டியிருக்கும் ஈஸ்வரமூர்த்தி. பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர்ப் பக்கத்துக்காரர். போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதுவரை அவர் கண்டுபிடித்தவை மூன்று மாடு, ஒரு சைக்கிள், ஓடிப்போன ஒரு மாப்பிள்ளை. பின்னால் நின்றது அவருடைய உதவியாள் பிச்சைமணி. எங்கள் ஃபேக்டரியில் இருந்தவன்தான், வேலையைவிடப் பேச்சு அதிகம் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவன். விஷயம் போலீசுக்கும் யூனியனுக்கும் போகாமல் முடியட்டும் என்று எஸ்டேட் மேனேஜர் துரைதான் இவர்களை வரவழைத்திருந்தார்.

செல்லத்துரை பழைய கார்டைக் கொண்டுவந்து காட்டினார். போட்டோ கிடையாது. ஐம்பத்திரண்டில் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்து எல்லாருக்கும் கார்டு போட்டபோது வைத்த கைநாட்டு மட்டும் இருந்தது. கொழுந்து கிள்ளிக் கிள்ளி எங்களுக்குக் கட்டைவிரல் ரேகை தேய்ந்துபோயிருக்கும்.

பிச்சைமணி கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். “அண்ணாச்சி, இது கைநாட்டா, நசுங்கின கரப்பான்பூச்சியா?”

ஈஸ்வரமூர்த்தி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ரேகையை நம்பித் தொழில் நடத்துவதாக இருந்தால் தாம் போலீசிலேயே இருந்திருக்கலாம் என்றார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இந்த முகம் எப்படி இப்படி இருக்கிறது? அதற்குப் பதில் தெரிந்தால் மற்றது தானாக வரும் என்றார்.

நாலாம் நம்பர் வீட்டைச் சோதிக்க முத்துப்பேச்சி தடை சொல்லவில்லை. கதவை விரியத் திறந்து வைத்து, இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“நல்லாப் பாருங்க. அடுக்குப்பானைக்குள்ள ரெண்டு மூணு வயசு ஒளிச்சு வச்சிருக்கேன். அகப்பட்டா எடுத்துக்கிடுங்க.”

நானும் உள்ளே போனேன். சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டாமா. லயத்தில் எல்லாரும் எதிர்பார்த்தது ஒரு டப்பா கிரீம், அல்லது மலையாள வைத்தியரின் ஏதாவது தைலக் குப்பி. அப்படி ஒன்றும் இல்லை. முகம் பார்க்கிற கண்ணாடியே வீட்டில் இல்லை. இருந்தது, ஆணியால் துளைபோட்ட பழைய பிஸ்கட் டின் மூடி ஒன்று, துருவுவதற்கு. அதன் துளையெல்லாம் செம்மஞ்சளாகக் கறை பிடித்திருந்தது. மூலையில் காலியான ஒரு சாக்கு கிடந்தது. அதன் வாயில் தொங்கிய கயிறு சணல் இல்லை, ஜடை மாதிரிப் பின்னிய காய்ந்த பூண்டுச் செடியின் தாள்.

ஈஸ்வரமூர்த்தி சாக்கைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார். பிறகு முத்துப்பேச்சியின் உள்ளங்கையைக் காட்டச் சொன்னார். கை மஞ்சளாக இருந்தது. பாதமும் அப்படியே.

“காமாலை, அண்ணாச்சி,” என்று பிச்சைமணி இரண்டடி பின்வாங்கினான்.

“காமாலைன்னா கண்ணுதான் மொதல்ல மஞ்சளாகும். அம்மணி கண்ணைப் பாரு, பால் மாதிரி இருக்குது. மஞ்சள் பூசினாலும் இப்படி உள்ளங்காலுக்குப் போகாது. இது பூசினதில்லை, தின்னது.” அவர் சாக்கைத் தொட்டார். “கேரட்டுங்களா, அம்மணி? ஆரு அனுப்பறாங்க?”

அங்கேதான் அவள் முரண்டு பிடித்தாள். அவள் வாய்க்குள் போவது அவள் சமாச்சாரம், அனுப்புகிறவர் பேரைச் சொன்னால் திங்கட்கிழமைக்குள் லயத்தில் அதற்குத் தாலி கட்டி, வளைகாப்பும் நடத்திவிடுவார்கள் என்றாள். இதை அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள். ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

“பேரைச் சொல்லாட்டி வீடு போயிரும், மைனி,” என்றான் பிச்சைமணி.

“போட்டும். இந்த மூஞ்சிக்கு நான் யாருகிட்டயும் ரசீது வாங்கல.”

ஞாயிற்றுக்கிழமை காலை, வட்டவடைக்குப் போகிற ஜீப்பில் ஈஸ்வரமூர்த்தி முன்னால் ஏறினார், பிச்சைமணி பின்னால் ஏறினான். எனக்கு அன்றைக்குப் பார்த்துப் பூண்டு தீர்ந்துபோயிருந்ததால் நானும் ஏறினேன். பூண்டுத் தாளைப் பின்னிக் கயிறாக்குகிற வழக்கம் இந்த மலையில் வட்டவடைக்காரர்களுக்குத்தான் உண்டு. அது எங்களுக்கும் தெரிந்ததுதான், சாக்கின் வாயில் பார்க்கும்வரை யாருக்கும் தோன்றவில்லை.

வழியில் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஜீப்பை நிறுத்தினார். டாக்டர் வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். கேரட் நிறையத் தின்றால் கையும் காலும் மஞ்சளாவது உண்மைதான், அது நோயில்லை என்றார். வெயில் பட்டாலே தோல் வெந்துபோகிற ஒரு வியாதி இருக்கிறதாம். அந்த வியாதிக்காரர்களுக்குக் கேரட்டில் இருக்கிற மஞ்சள் சத்தைக் கொடுத்துப் பார்ப்பதாகச் சீமைப் பத்திரிகை ஒன்றில் படித்தாராம். ஆனால் வியாதி இல்லாதவளுக்கு முகம் சுருங்காமல் காக்குமா என்று யாரும் உறுதி சொன்னதில்லை. நெல்லிக்காய், தக்காளி, கீரை, இதற்கெல்லாமும் அப்படி ஏதாவது குணம் இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு ஆள் தினமும் அதையே தின்று இருபது முப்பது வருஷம் வெயிலில் நிற்க வேண்டும், அதற்கு யார் சம்மதிப்பார்கள் என்று சிரித்தார்.

“ஒருத்தி சம்மதிச்சிருக்கா, டாக்டர்,” என்றான் பிச்சைமணி. “அவளத்தான் திங்கட்கிழமை வீட்ட விட்டுத் தொரத்தப் போறாங்க.”

ஜீப் மாட்டுப்பெட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் என்று குலுக்கிக்கொண்டு போனது. வட்டவடையில் இறங்கியபோது என் இடுப்புப் பிடிப்பு உண்மையாகவே வந்துவிட்டது. படிப்படியாகக் கேரட்டுப் பாத்தி, முட்டைக்கோஸ் பாத்தி, பூண்டுப் பாத்தி. அத்தனை வீட்டிலும் கேரட். சாக்கு அனுப்பியவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வீடு வீடாகக் கேட்கலாம் என்றான் பிச்சைமணி. கேட்டால் ஊரே சேர்ந்து பொய் சொல்லும் என்றார் ஈஸ்வரமூர்த்தி.

ஜீப்பில் ஏற்றுவதற்காக ஒரு களத்தில் கேரட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நேராக இருப்பது மூணாறு மார்க்கெட்டுக்கு. இரண்டு கால் முளைத்தது, வளைந்தது, ஒன்றை ஒன்று கட்டிப்பிடித்துக்கொண்டது எல்லாம் தனிக் குவியல். அந்தக் குவியல் எங்கே போகிறது என்று அவர் கேட்டார். மாட்டுக்கு என்றார்கள். எல்லார் வீட்டிலுமா என்றார். எல்லார் வீட்டிலும்தான் என்றார்கள்.

அவர் சற்று நின்று, மூக்குப்பொடி போட்டுக்கொண்டு, டிரைவரிடம் கேட்டார்: “ஏனுங்க, இந்த ஊருல ஆரு ஊட்டு மாட்டுக்குக் கோணல் கேரட்டு கெடைக்கறதில்லை?”

டிரைவர் யோசிக்கவே இல்லை. “நல்லதம்பி வீட்டு மாடு. பாவம், வெறும் புல்லுதான்.”

பிச்சைமணி தொப்பியைக் கழற்றினான். தொப்பி இல்லை, ஆனால் கழற்றினான்.

நல்லதம்பிக்கு அறுபது வயதிருக்கும். காய்ந்த சுக்குக்குக் கையும் காலும் முளைத்தது போல இருந்தார். கல்யாணம் செய்யாதவர். நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னதும், மண்வெட்டியைப் பாத்தியில் ஊன்றிவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். பிறகு அவராகச் சொன்னார். சின்ன வயதில் துரை பங்களாக் காய்கறித் தோட்டத்தில் அவர் வேலைக்காரர், தண்ணீர் சுமந்து ஊற்றுகிற சிறுமி முத்துப்பேச்சி. வெள்ளைக்காரத் துரையின் மேசைக்குக் கோணல் கேரட் போகக் கூடாது. போனால் சமையற்காரனுக்கு வேலை போகும். அதனால் கோணல் எல்லாம் அவளுக்குப் போயிற்று. துரைகள் போய், அவர் ஊர் திரும்பி விதை போட்டு, அவள் வேறு ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டு, அவனும் இறந்து, வருஷங்கள் எவ்வளவோ ஆகிவிட்டன. சாக்கு மட்டும் நிற்கவில்லை. கேரட்டோடு மரத்தக்காளியும், மணத்தக்காளிக் கீரையும், காலத்தில் நெல்லிக்காயும் போகும். வேலை நாளில் அவளுக்கு மத்தியானச் சோறே அதுதான் என்றார்.

“நீங்க திங்கிறதில்லையா?” என்று நான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“விக்கிறதுக்குத்தானே வெளைய வைக்கிறேன்,” என்றார் அவர்.

பிச்சைமணி என் காதில் சொன்னான்: “திங்கிறவ மூஞ்சியும் பாத்தாச்சு, விக்கிறவரு மூஞ்சியும் பாத்தாச்சு. சீமைப் பத்திரிகைக்கு எழுதிப் போட்டிருவமா, சாந்தக்கா?”

ஆனால் இவர் சொல்லிவிட்டால் போதுமா? வேண்டியவர் சாட்சி செல்லாது என்று செல்லத்துரை ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார். ஈஸ்வரமூர்த்தி அதைச் சொன்னார். உண்மையான முத்துப்பேச்சிக்கும் நல்லதம்பிக்கும் மட்டுமே தெரிந்த விஷயம் ஏதாவது வேண்டும்.

நல்லதம்பி சிரித்தார். முன்பற்களில் இரண்டு இல்லை. “வெள்ளத்துக்கு முந்தின நாளு, குண்டளையில அப்ப ஓடின ரயில விட்டு எறங்கும்போது எதை விட்டுட்டு எறங்கினான்னு கேளுங்க.”

பதிலை எங்களிடம் சொல்லவில்லை. பங்களாவில் கற்ற எழுத்தில் ஒரு தாளில் தாமே எழுதி, மடித்து, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிக் கொடுத்தார். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தத் தாள் ஈஸ்வரமூர்த்தியின் சட்டைப் பையில் இருந்தது, என் கண்ணும் அங்கேதான் இருந்தது. பிச்சைமணி கேஸ் முடிந்ததென்று பாட்டே பாடினான். ஈஸ்வரமூர்த்தி மட்டும் டாப் ஸ்டேஷன் தாண்டியதிலிருந்து விரலை மடக்கி மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். அவ்வளவு தூரம் ஜெயித்தவர் முகம் ஏன் அப்படி விழுந்துபோயிற்று என்று எங்களுக்குப் புரியவில்லை.

சாயங்காலம் அவர் நாலாம் நம்பருக்குத் தனியே போனார், கதவு சாத்தப்பட்டது. எங்கள் லயத்தில் நடுச்சுவர் மெல்லியது. அதைக் கட்டியது நானில்லை.

“அம்மணி, நாளைக்கு நான் ஒரு கேள்வி கேப்பேன். பதில் சொன்னா உங்க பேரு நிக்கும். ஆனா வேலை போயிரும். சொல்லாம இருந்தா ரெண்டும் போயிரும். நான் வேற வழி பார்த்துட்டேனுங்க, இல்லை.”

அடுப்புக்குச் சுள்ளி ஒடிக்கிற சத்தம். பிறகு அவள் குரல்.

“கேளுங்க. நான் நான் இல்லன்னு சொல்ல விட்டுட்டு, அந்த வேலைய வச்சு என்ன செய்ய?”

திங்கட்கிழமை மஸ்டரில் கீழ் டிவிஷன் முழுவதும் நின்றது. துரை தம் ஜீப்பின் மேல் சாய்ந்துகொண்டிருந்தார். செல்லத்துரை ரிஜிஸ்டரை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். மாரித்தாய் முன் வரிசை. ஈஸ்வரமூர்த்தி மடித்த தாளைத் துரையின் கையில் கொடுத்தார், ஒட்டு பிரியவில்லை என்று காட்டினார். பிறகு கேள்வியைக் கேட்டார். வெள்ளத்துக்கு முந்தின நாள் ரயிலில் எதை விட்டுவிட்டு இறங்கினாய்?

முத்துப்பேச்சி அவரைப் பார்க்கவில்லை. செல்லத்துரையைப் பார்த்துச் சொன்னாள்.

“ஒரு கூடை நெல்லிக்காய். அதுக்குள்ள நல்லதம்பியோட உண்டிவில்லு. மறுநாள் வெள்ளம் வந்து ரயிலையே கொண்டுபோயிட்டு.”

துரை தாளைப் பிரித்து வாசித்தார்: ‘நெல்லிக்காய்க் கூடை. என் உண்டிவில். இன்னும் திருப்பித் தரவில்லை.’

மஸ்டர் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த காக்கை எல்லாம் பறந்தது. அவள்தான் முத்துப்பேச்சி. அதில் இனி யாருக்கும் சந்தேகமில்லை. நான் கைகூடத் தட்டிவிட்டேன்.

செல்லத்துரை சிரிக்கவில்லை. ரிஜிஸ்டரை விரித்தார். அவர் குரலில் ஒரு தித்திப்பு வந்தது.

“வெள்ளம் வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நாலு. கார்டுப்படி இவள் அப்போது பிறக்கவே இல்லை. கூடை தூக்குகிற பிள்ளை என்றால் பத்து வயதாவது இருந்திருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் இன்றைக்கு ஐம்பத்தொன்பது. போன வருஷமே பேரை எடுத்திருக்க வேண்டியவள்.”

ஈஸ்வரமூர்த்தி ஜீப்பில் விரல் மடக்கியது இதைத்தான். வயது குறைந்தவள் என்று குற்றம் சாட்டப்பட்டவள் உண்மையில் வயது கூடியவள். முப்பத்தைந்து என்று நாங்கள் குசுகுசுத்த முகத்துக்கு ஐம்பத்தொன்பது. என் கை தட்டினபடி அந்தரத்தில் நின்றது.

முத்துப்பேச்சி கம்பளியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தாள்.

“ஐம்பத்திரண்டுல என் வயச எழுதினது யாரு, கிளார்க்கையா?”

செல்லத்துரை ரிஜிஸ்டரை மூடப் பார்த்தார். எழுத்து அவருடையதுதான். அப்போது அவர் சின்ன கிளார்க்.

“எங்கிட்ட கேட்டா எழுதினீங்க?”

பதிலைப் பின்வரிசையிலிருந்த பழைய ஆட்களே சொன்னார்கள். யாரிடமும் கேட்கவில்லை. மழை வருகிற மாதிரி இருந்தது, முந்நூறு பேர் வரிசையில் நின்றார்கள், செல்லத்துரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பார்த்து வயதை எழுதிக்கொண்டே போனார். கைநாட்டு மட்டும் எங்களுடையது. அதைத் தப்பு என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை. வயதை வைத்து நாங்கள் என்ன செய்யப் போகிறோம்? வெள்ளத்துக்கு முன்னால், வெள்ளத்துக்குப் பின்னால், அதுதான் எங்களுக்குத் தெரிந்த கணக்கு.

“மூஞ்சியப் பாத்து எழுதினீங்க. சரி. ஏட்டி மாரித்தாயி, இங்க வா.”

மாரித்தாய் வந்தாள். அவளுக்கே ஏன் வந்தோம் என்று தெரிந்திருக்காது.

“இவ வெள்ளத்தன்னைக்குப் பொறந்தவ. குழாயடியில தெனமும் சொல்லுதா, லயத்துக்கே தெரியும். துப்பறியும் ஐயா, கணக்குப் போடுங்க.”

“நாப்பத்தொம்பதுங்க,” என்றார் ஈஸ்வரமூர்த்தி, விரலை மடக்காமலே.

“கார்டுல?”

கார்டில் ஐம்பத்தெட்டு. சின்ன வயதிலேயே சுருங்கிய முகத்தைப் பார்த்து, இருபத்தெட்டு வயதுக்காரிக்கு முப்பத்தேழு என்று எழுதியிருக்கிறார்கள். ஒன்பது வருஷ வேலையும் வீடும் ஒரு மழைநாள் அவசரத்தால் போகவிருந்தன. தினம் வாய் கிழியக் கத்துகிறவளுக்கு, தான் கத்துவதில் என்ன இருக்கிறது என்று அதுவரை தெரியவில்லை. அவள் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மாரித்தாயை அப்படி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

முத்துப்பேச்சி துரையிடம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

“ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, தொரை. வெள்ளத்த வச்சுக் கணக்குன்னா, நான் இன்னைக்கே கூடைய எறக்குதேன். ஆனா இவளுக்கு ஒம்பது வருசம் திருத்தணும், இங்க நிக்கிற எல்லாருக்கும் திருத்தணும். மூஞ்சிய வச்சுத்தான் கணக்குன்னா, இந்தா என் மூஞ்சி. நல்லாப் பாத்து முப்பத்தஞ்சுன்னு எழுதுங்க. இன்னும் இருவத்திமூணு வருசம் நான் கொழுந்தெடுக்கேன்.”

துரை அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு செல்லத்துரையின் முகத்தைப் பார்த்தார். அதில் அன்று காலை மட்டும் பத்து வயது கூடியிருந்தது. முந்நூறு கார்டையும் வெள்ளத்தை வைத்துத் திருத்தச் சொன்னார். திருத்தி முடிகிறவரை யார் பேரையும் எடுக்கக் கூடாது என்றார். உன் பேரும்தான் என்று முத்துப்பேச்சியிடம் சொன்னார். அவள் அதற்கு நிற்கவில்லை. கொழுந்தெடுக்கையில் சேலைக்கு மேலே கட்டுகிற படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்த்து, மடித்து, கூடைக்குள் வைத்து, கூடையைச் செல்லத்துரையின் காலடியில் வைத்துவிட்டு நடந்தாள். துரத்தி அனுப்புகிற வேலையை யாருக்கும் விட்டுவைக்கவில்லை.

கார்டு திருத்தியதில் எங்கள் டிவிஷனில் நாற்பத்தொரு பேருக்கு வயது குறைந்தது, ஆறு பேருக்குக் கூடியது. அந்த ஆறு பேரும் என்னோடு இப்போது பேசுவதில்லை, நான் ஏதோ செய்துவிட்ட மாதிரி. செல்லத்துரை தைப் பொங்கலுக்கு முன்னால் மாற்றல் வாங்கிக்கொண்டு ஆனைகட்டிப் பக்கம் எங்கோ போனார். அங்கே யாரையும் பார்த்து வயது சொல்வதில்லை என்று கேள்வி. பிச்சைமணி ஆஸ்பத்திரி நர்ஸ் ரோசியைக் கட்டிக்கொண்டான். அவள் அவனைப் பேசவிடுவதில்லை. ஈஸ்வரமூர்த்தியின் போர்டில் இப்போது ‘வயது நிர்ணயம் செய்து தரப்படும்’ என்று ஒரு வரி கூடியிருக்கிறது.

நாலாம் நம்பர் வீடு மாரித்தாயின் மகனுக்குத்தான் கிடைத்தது. சாவியை அவன் கையில் கொடுத்தது முத்துப்பேச்சி. டின் மூடியை மட்டும் எடுத்துக்கொண்டு வட்டவடை ஜீப்பில் முன்சீட்டில் ஏறினாள். மாசியில் நல்லதம்பியோடு அவளுக்குக் கல்யாணம். சேர்ந்து வந்து நின்றபோது தகப்பனும் மகளும் என்று புரோகிதர் நினைத்துவிட்டதாகவும், பிறகுதான் விஷயம் தெரிந்து மந்திரத்தை மாற்றியதாகவும் டிரைவர் சொன்னார். நல்லதம்பி வீட்டு மாட்டுக்கு இன்னும் புல்தான். கோணல் கேரட்டை இப்போது அவரைத் தின்ன வைக்கிறாளாம்.

சனிக்கிழமை தோறும் எங்கள் லயத்துக்கு ஒரு சாக்கு வருகிறது, பூண்டுத் தாளால் வாய் கட்டியது. பேர் எழுதியிருக்காது. ஏழாம் நம்பர் வாசலில் இறக்கிவிட்டுப் போவார்கள். மாரித்தாய் முத்துப்பேச்சியைத் திட்டிக்கொண்டே அதை அவிழ்ப்பாள், திட்டிக்கொண்டே துருவுவாள், திட்டிக்கொண்டே தின்பாள். உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. முகம் மாறியதாக எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு என்ன, இன்னும் ஒன்பது வருஷம் இருக்கிறது.